அக்கா ஏறினால் அணையும் விளக்கு

என் அக்கா வீட்டுக்காரர் கேரவன் வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவர். கேரவன் என்றால் சின்ன வீட்டைத் தூக்கிச் சக்கரத்தின்மேல் வைத்தது போல: கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஃபேன், ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். வசதி உள்ளவர்கள் லீவுக்குக் குடும்பத்தோடு ஊர் சுற்ற வாங்குவார்கள். பத்து மாதம் வாசலில் நிறுத்தி வைத்திருந்துவிட்டு, கிளம்புகிற அன்று காலையில்தான் விளக்கு எரியவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். உடனே பெட்டி படுக்கை, பிள்ளை குட்டியோடு மாமாவின் ஷெட்டுக்கு வந்து நிற்பார்கள்.

மாமா வண்டியைப் பார்க்க மாட்டார். முதலில் ஆளைப் பார்ப்பார். கழுத்தில் கரண்ட் பார்க்கிற மல்டிமீட்டர் தொங்கும். அதனால் ஷெட் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'மீட்டர்'தான். வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்பார்.

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணுமே பண்ணலையா?"

"சத்தியமா ஒண்ணும் பண்ணலைங்க. நேத்து வரைக்கும் நல்லாத்தான் எரிஞ்சுது."

இதைக் கேட்டதும் மாமாவின் முகம் தெளிந்துவிடும். ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்கிறவர் கட்டாயம் ஏதோ பண்ணியிருக்கிறார் என்பது முப்பது வருட அனுபவத்தில் அவர் கண்ட முடிவு. எனக்கும் அதில் ஆட்சேபம் கிடையாது. நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். எங்களிடம் வாயைப் பிடித்துக்கொண்டு வருகிற அத்தனை பேரும் தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறவர்கள்தான்.

ஒருமுறை ரிட்டையர் ஆன நீதிபதி ஒருவர் வந்தார். அவரும் ஒன்றும் பண்ணவில்லை என்றுதான் வாக்குமூலம் கொடுத்தார். மாமா அவரை விட்டுவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் போய், "அம்மா, சுவத்துல புதுசா ஏதாவது மாட்டினீங்களா?" என்று பவ்யமாகக் கேட்டார். அந்த அம்மாள் பெருமையாகக் கட்டில் பக்கம் கையைக் காட்டினார். அங்கே நீதிபதி கருப்பு அங்கி போட்ட படம் தொங்கியது. ஆணி நேராக ஒயருக்குள் இறங்கியிருந்தது.

"ஆணிதானே அடிச்சேன்? கரண்ட்ல நான் கையே வைக்கலையே!" என்றார் நீதிபதி.

"ஐயா, இந்த வண்டிச் சுவர் ரெண்டு பிஸ்கட்டு கனம். அதுக்குப் பின்னாடி ஒயர்தான் ஓடுது. ஆணி அடிக்கிறதும் கரண்ட் வேலைதான்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். நீதிபதி மேல்முறையீடு செய்யவில்லை.

தொழிலில் இவ்வளவு பேசுகிற மனுஷன் வீட்டில் வாயே திறக்க மாட்டார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அக்காவிடம் ஒரு தடவைகூட 'தப்பு என்னோடது' என்று சொன்னதில்லை. அதற்குப் பதிலாக எதையாவது ரிப்பேர் செய்வார். சண்டை சின்னதென்றால் மறுநாள் காலிங் பெல்லில் புது ஸ்விட்ச் இருக்கும். நடுத்தரமான சண்டைக்கு ஃபேன் ரெகுலேட்டர். ஒருமுறை எங்கள் அப்பாவைப் பற்றி அவர் ஏதோ சொல்லிவிட, அக்கா நான்கு நாள் முகம் கொடுக்காமல் இருந்தபோது, வீட்டு ஒயரிங் முழுவதையும் பிரித்து மாற்றினார். ஒரு வாரம் நாங்கள் டார்ச் வெளிச்சத்தில் சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதை நான் சொன்னபோது, "பழைய ஒயர் ஆபத்து, பாப்பா" என்றார். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அக்கா மட்டும் என்ன, சளைத்தவளா? போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே உலோகக் கம்பி வைத்தார்கள். டாக்டர் கொடுத்த ஊன்றுகோலை வீட்டுக்கு வந்த அன்றே பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டாள். யாராவது தாங்கிப் பிடிக்கப் போனால், "கைய எடு, நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்று சீறுவாள். மாமா கையை நீட்டினாலும் அதே பதில்தான். பாவம், அவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த ஊர் இரண்டு நாள் பயணத் தூரம். இந்த வருஷம் அவளுக்கு முதல் பிரசவம். "அம்மா வந்துட்டாத்தான் எனக்குத் தைரியம்" என்று ஏழாம் மாதத்திலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கும் அங்கே போய்விடவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. ஆனால் அவளால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. பஸ், ரயில் எதுவும் சரிப்படாது. படுத்துக்கொண்டே போகவேண்டும்.

மாமா ஒரு பழைய கேரவனை வாங்கிவந்து ஷெட்டில் நிறுத்தினார். ஒயரிங்கை முழுக்கப் பிரித்துத் தன் கையாலேயே புதிதாகப் போட்டார். மெத்தையை மாற்றினார். கட்டில் பக்கம் ஃபேன், தலைமாட்டில் விளக்கு, கை எட்டும் இடத்தில் ஸ்விட்ச். அக்கா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ம், பரவாயில்லை" என்றாள். எங்கள் வீட்டில் அது பெரிய விருது.

பிரசவத் தேதிக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். அக்கா துணிமணி, மாத்திரை, குழந்தைக்குப் பின்னிய ஸ்வெட்டர் எல்லாவற்றையும் வண்டி அலமாரியில் அடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். பிறகு வெள்ளோட்டமாக ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று படியேறினாள். உள்ளே கால் வைத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒரே அடியாக நின்றன.

"ஃப்யூஸ் போயிடுச்சு. ஒரு நிமிஷம்" என்றார் மாமா.

புது ஃப்யூஸ் போட்டார். எல்லாம் ஓடியது. அக்காவை இறக்கிவிட்டுத் தானே நான்கு தடவை ஏறி இறங்கினார். உள்ளே நின்று குதித்தார். வண்டியைத் தெருவில் இருந்த அத்தனை பள்ளத்திலும் இறக்கி ஏற்றினார். விளக்கு அசையவில்லை. திருப்தியாகத் திரும்பி வந்து அக்காவை ஏறச் சொன்னார். அக்கா ஏறினாள். 'டப்.'

இப்படி எட்டு நாள் நடந்தது. நான் கணக்கு வைத்திருந்தேன்: பதினேழு ஃப்யூஸ். மாமா பாட்டரியை மாற்றினார். எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டி மறுபடி முறுக்கினார். ஸ்விட்ச் போர்டைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். அவர் தனியாக இருக்கும்போது வண்டி உத்தம புத்திரன் மாதிரி நடந்துகொண்டது. அக்கா வந்து ஏறினால் மட்டும் அதற்குப் பொறுக்கவில்லை.

"விளக்கு போனா போகட்டும் மாமா, டார்ச் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றேன் நான்.

"ஃப்யூஸ் சும்மா போகாது, பாப்பா. எங்கேயோ ஷார்ட் இருக்கு. ஓடற வண்டியில தீப்பிடிச்சா அவளால எழுந்து ஓட முடியுமா? அது தெரியாம அவளை உள்ள படுக்க வெச்சு ஓட்ட மாட்டேன்" என்றார்.

ஒருவேளை எடைதான் காரணமோ என்று அக்காவின் எடைக்குச் சமமாக இரண்டு மணல் மூட்டைகளைப் படியிலும் உள்ளேயும் வைத்துப் பார்த்தார். விளக்கு எரிந்தது. பக்கத்து ஷெட் வெல்டரை ஏறச் சொன்னார். அவர் அக்காவைப் போல இரண்டு மடங்கு. அவர் ஏறியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. விளக்கு மட்டும் நின்று எரிந்தது. அதற்குப் பிறகுதான் மாமாவின் புத்தி போகக்கூடாத இடத்துக்குப் போயிற்று. அக்காவின் இடுப்பில் இருக்கும் கம்பியைச் சந்தேகப்பட்டார்.

ஆபரேஷன் செய்த டாக்டருக்கே போன் போட்டு, "சார், நீங்க உள்ள வெச்ச கம்பி கரண்ட் கடத்துமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு டாக்டர், "வீட்ல வேற யாராவது பெரியவங்க இருந்தா போனைக் குடுங்க" என்றாராம். மாமா அதோடு விடவில்லை. அக்கா சோபாவில் படுத்திருந்தபோது மெதுவாகப் போய் மீட்டரின் ஒரு முனையை அவள் மணிக்கட்டிலும் மறுமுனையை இடுப்பிலும் வைத்தார். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். பளாரென்று அவர் கையில் ஒரு அடி விழுந்தது. மீட்டர் சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புத்தான். நானும் ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்று சாயங்காலம் மகள் போன் செய்து, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டாள். மாமா வாசலில் நின்று, "நான் என்னம்மா பண்றது? உங்கம்மா கால வெச்சாலே ஃப்யூஸ் போயிடுது" என்று சொல்லிச் சிரித்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிரசவத் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பல் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு அக்காவின் அறைக்குப் போனேன். அக்கா கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியில இருக்கிற என் துணியெல்லாம் எடுத்துட்டு வந்துடு" என்றாள்.

"ஏன்?"

"நான் போகலை. அவர் மட்டும் போயிட்டு வரட்டும். நான் ஏறலைன்னா வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"அக்கா, அவர் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னதை..."

"விளையாட்டு இல்லைடி, உண்மையத்தான் சொன்னார். ஆபரேஷன் ஆனதுலேர்ந்து இப்படித்தானே? நான் எங்க போனாலும் நாலு பேர் எழுந்திருக்கணும், நாற்காலி மாத்திப் போடணும், வழி விடணும். இப்ப வண்டிகூட என்னைத் தாங்க மாட்டேங்குது. அங்க போய் நான் அவளப் பாக்கறதா, அவ என்னைப் பாக்கறதா? வயித்துப் பிள்ளைக்காரிக்கு நான் எதுக்கு இன்னொரு பாரம்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது நான் திட்டியிருப்பேன். எழுந்து வாசலுக்குப் போனேன். மாமா வண்டிக்கு முன்பக்கம் குனிந்து ஃப்யூஸ் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தடதடவென்று படியேறினேன். அலமாரியைத் திறந்து, அக்காவின் துணிப்பையை ஒரு கையிலும் மாத்திரை டப்பாவையும் ஸ்வெட்டரையும் இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு கோபத்தோடு திரும்பினேன். கால் தரைவிரிப்பில் தட்டிற்று. டப்பாவைப் போட்டுவிட்டு, விழாமலிருக்கக் கதவோரம் சுவரில் இருந்த கைப்பிடியை இறுகப் பற்றினேன்.

'டப்.'

ஃபேன் சுற்றி ஓய்ந்தது. முன்பக்கத்திலிருந்து மாமாவின் குரல் ஆவலாக வந்தது. "வந்துட்டாளா?"

"நான்தான் மாமா."

"நீயா?" என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கும் இடுப்புல ஏதாவது வெச்சிருக்காங்களா?"

அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் என் கை இன்னும் கைப்பிடியில்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். பளபளவென்று புது ஸ்டீல் கைப்பிடி. நல்ல கனம். வண்டியோ பதினைந்து வருஷப் பழசு.

"மாமா, புது ஃப்யூஸ் போடுங்க."

போட்டார். விளக்கு வந்தது. நான் கைப்பிடியை மெதுவாகத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. உடம்புக் கனத்தைப் போட்டு இழுத்தேன். 'டப்.' அக்கா படியேறும்போது இதைத்தான் பிடிக்கிறாள். யார் கையையும் பிடிக்க மாட்டாளே! மற்ற யாருக்கும் இது தேவைப்படவில்லை. மணல் மூட்டைக்குக் கையே கிடையாது.

"மாமா, இது வண்டியோடவே வந்ததா?"

அவர் கழுத்து மீட்டரைத் தடவிக்கொண்டார்.

"கடைசியா என்ன பண்ணீங்க?" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

சொல்லி முடித்த மறு விநாடி அவர் காதிலேயே அது விழுந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கைப்பிடிதானே மாட்டினேன்" என்றார் மெல்ல. "கரண்ட்ல கை வைக்கலையே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினார். மேல் ஸ்க்ரூ வந்துகொண்டே இருந்தது. இரண்டரை அங்குலம். முனை கருகிப் போயிருந்தது. சுவரின் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு போய், பின்னால் அவரே போட்ட ஒயரின் தோலை உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. அழுத்தி இழுத்தால் உள்ளே செம்பைத் தொடும். விட்டால் விலகிவிடும்.

"இவ்வளவு நீளம் எதுக்கு மாமா?"

"சின்னது போட்டா அவ இழுக்கும்போது பிடுங்கிக்கிட்டு வந்துடுமோன்னு பயம்."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா, நான் என்ன நொண்டியான்னு கேப்பா. அதான் வண்டியோட வந்த மாதிரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்." ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லா ஒயரையும் பார்த்தேன் பாப்பா. இதை மட்டும் பார்க்கவே தோணலை."

"இதைப் போய் அவகிட்ட சொல்லுங்க."

"சரி பண்ணிட்டுச் சொல்றேனே?"

"மாமா, அவ துணியெல்லாம் இறக்கச் சொல்லிட்டா. அவ வரலையாம். தான் ஒரு பாரமாம்."

அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. ஸ்க்ரூவைக் கையில் பிடித்தபடியே எழுந்து உள்ளே போனார். நான் விடுவேனா? பின்னாலேயே போனேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்து தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். மாமா அவள் பக்கத்தில் ஸ்க்ரூவை வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். இந்த ஒயர் ஃபேனுக்குப் போகிறது, அந்தச் சட்டம் அலுமினியம், அலுமினியம் எர்த்தோடு சேர்ந்தது, ஆகவே செம்பும் சட்டமும் ஒரே ஸ்க்ரூவில் சேர்ந்தால் என்ன ஆகும் என்றால்...

"எனக்கு ஒயர் கதை வேண்டாம்" என்றாள் அக்கா. "என்ன சொல்ல வந்தீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வீட்டில் அந்த நேரத்தில் ரிப்பேர் ஆன பொருள் எதுவும் இல்லை.

"தப்பு என்னோடது" என்றார். "உன்னால இல்ல. நீ ஒண்ணும் பண்ணலை. கதவுகிட்ட இருக்கே கைப்பிடி, அதை நான்தான் மாட்டினேன். நீ பிடிச்சுக்கறதுக்கு. ஸ்க்ரூவை ஒயர்ல இறக்கிட்டேன். எட்டு நாளா என் தப்பை உன்மேல போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அக்கா ஸ்க்ரூவை எடுத்தாள். கருகிய முனையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"எனக்காகவா மாட்டினீங்க?"

"ம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வேண்டாம்னு சொல்லுவே."

அக்கா ஸ்க்ரூவைக் கட்டிலோரம் வைத்தாள். "ஆமா. சொல்லியிருப்பேன்" என்றாள்.

எனக்கு மூக்கை உறிஞ்சவேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன். அக்கா தலையணை உறையின் கடைசி மூலையை உள்ளே தள்ளி, தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

"நாளைக்குக் காலையில கிளம்ப முடியுமா?" என்றாள்.

"ஒயரை மாத்தி, சின்ன ஸ்க்ரூ போட்டா முடியும். ரெண்டு மணி நேர வேலை."

"சரி. அதோட இன்னொண்ணு." அவள் மாமாவைப் பார்க்காமல் தலையணையைப் பார்த்தே பேசினாள். "கக்கூஸ்ல உட்கார்ந்தா எழுந்திருக்க ரொம்பக் கஷ்டமா இருக்கு. வீட்ல யாருக்கும் தெரியாம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்துக்கறேன். வண்டியில அங்கயும் ஒரு கைப்பிடி போடுங்க."

முப்பத்தொரு வருஷத்தில் அக்கா அவரிடம் உதவி என்று கேட்டு நான் அன்றுதான் பார்த்தேன். மாமா தலையாட்டினார். உடனே போகாமல், "எந்தப் பக்கம் வேணும், வலதா இடதா?" என்று கேட்டார். அக்கா உட்கார்ந்தபடியே எழுந்திருப்பது போல உடம்பை முன்னால் சாய்த்து, எந்தக் கை போகிறது என்று பார்த்து, "இடது" என்றாள். பிறகு தானே எழுந்துகொள்ளப் போனவள் நின்று, கையை நீட்டினாள். "வாங்க, வந்து காட்டறேன்" என்றாள். மாமா மீட்டரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.